முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்கு முகமூடி உதவுச்சா?

கேட்டவர் சொன்னத முதல்ல சுருக்கிச் சொல்லிடுறேன். முதல் உலகப்போர் சமயத்துல பாரிஸ்ல ஒரு சிற்பி அம்மா, முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்கு தகட்டுல முகமூடி செஞ்சு பெயின்ட் அடிச்சு மாட்டிவிடுற பழைய வீடியோ ஒண்ணு பார்த்திருக்கீங்க. பார்த்துட்டு "இத மாட்டிக்கிட்டு அவங்க நிஜமாவே சகஜமா வாழ்ந்தாங்களா, இல்ல கேமராவுக்காக அப்படி நின்னாங்களா, இப்ப நடக்கிற போர்கள்ல இப்படி ஆகுறவங்களுக்கு முகத்தையே மாத்தி வச்சுட முடியாதா"ன்னு கேட்டிருக்கீங்க. முகமூடிய வச்சுத்தான் கேட்டிருக்கீங்க, ஆனா எனக்குப் புரிஞ்சது என்னன்னா, முகம் போன ஒருத்தர் திரும்ப கல்யாணப் பந்தியில நாலு பேரோட உக்காந்து சாப்பிடுற நிலைமைக்கு வர என்னென்ன வேணும், அதுல டாக்டர் கையில இருக்கிறது எவ்வளவு, இதத்தான் கேக்குறீங்க. அதுக்குத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் ப்ராஸ்தோடான்டிஸ்ட். ஜனங்க பல்செட் டாக்டர்னு சொல்ற ஆளு, ஆனா என் வேலையில பாதி பல்லுக்கு சம்பந்தமே இல்லாதது. ஆபரேஷன்ல போன மூக்கு, காது, கண்குழி இதுக்கெல்லாம் சிலிக்கான்ல செஞ்சு குடுக்கிறது, மேல்தாடைய எடுத்தவங்களுக்கு அண்ணத்துல இருக்கிற ஓட்டைய அடைக்கிற பிளேட் செய்யுறது. என்கிட்ட வர்றவங்க வாய்ப் புற்றுநோய்க்காரங்க, ரோடு ஆக்சிடென்ட்ல மாட்டினவங்க, 2021ல கருப்பு பூஞ்சை வந்து கண்ணும் தாடையும் போனவங்க. குண்டு பட்ட முகத்துக்கு நான் கை வச்சது கிடையாது, மனநல டாக்டரும் கிடையாது. அதனால போர் பத்தி சொல்றது எங்க துறையோட வரலாறப் படிச்சு வந்தது, அப்படிப்பட்ட முகத்தோட வாழுறது பத்தி சொல்றது பேஷன்ட்களப் பார்த்து வந்தது. ரெண்டையும் கலக்காம சொல்லப் பாக்குறேன்.

முதல்ல, அந்தப் போர்ல ஏன் இத்தனை முகம் போச்சு. பதுங்குகுழியில நிக்கிறவனுக்கு உடம்பு மண்ணுக்குள்ள, வெளிய தெரியுறது தலை மட்டும்தான். மிஷின் கன்னும் ஷெல் சிதறலும் சேர்ந்து வருது, இரும்பு ஹெல்மெட் வந்த பிறகு மண்டை தப்பிச்சிடுது, ஆனா அதுக்குக் கீழ தாடை, மூக்கு, கன்னம் எல்லாம் அப்படியே திறந்து கிடக்குது. முந்தின காலத்துல செத்திருக்க வேண்டியவன் இப்ப முகம் இல்லாம பிழைச்சு வர்றான். பிழைக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, அத எங்க ஸ்டூடன்ட்ஸுக்கு இன்னைக்கும் சொல்றோம். வில்லியம் கெல்சி ஃப்ரைன்னு ஒரு பிரிட்டிஷ் ஆளு, பின்னால பெரிய பல் சர்ஜன் ஆனவர், கீழ்த்தாடை சிதறின ஒரு சிப்பாய தலைய முன்னாடி குனியவச்சு நடத்தியே கூட்டிட்டு வந்து சேர்த்திருக்கார். அங்க ஸ்ட்ரெச்சர்ல மல்லாக்கப் படுக்கவச்சிருக்காங்க, கொஞ்ச நேரத்துல ஆளு போயிட்டான். தாடை எலும்பு போனா நாக்கு பிடிப்பில்லாம பின்னால விழுந்து மூச்ச அடைக்கும், ரத்தமும் தொண்டைக்குள்ள இறங்கும். உக்காரவச்சு குனியவைக்கணும்ங்கிற இந்தச் சின்ன விஷயம் தெரிஞ்ச பிறகு எத்தனையோ பேர் பிழைச்சாங்க, அவங்கதான் நீங்க வீடியோல பார்த்த மாதிரி ஆளுங்க.

இப்ப முகமூடி. நீங்க பார்த்த அம்மா அன்னா கோல்மன் லாட், பாஸ்டன்லேர்ந்து போன சிற்பி, அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தோட ஆதரவுல பாரிஸ்ல ஸ்டூடியோ நடத்தினவங்க. அவங்களுக்கு முன்னாடியே லண்டன்ல பிரான்சிஸ் டெர்வென்ட் வுட்னு ஒரு சிற்பி, ராணுவ ஆஸ்பத்திரியில எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர், இதே வேலைய ஆரம்பிச்சிருந்தார், அந்த இடத்துக்கு சிப்பாய்ங்க வச்ச பட்டப்பேரு "தகர மூக்குக் கடை". செய்முறை என்னன்னா காயமெல்லாம் ஆறின பிறகு முகத்துல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுக்கிறது, அதுலேர்ந்து ஒரு மாடல், அதுக்கு மேல காயம் படுறதுக்கு முந்தின போட்டோவப் பார்த்து களிமண்ணுல விட்டுப்போன பாகத்த வடிக்கிறது, அதுக்கு மேல மெல்லிசா தாமிரம் பூசி தகடா எடுக்கிறது. அப்புறம் அந்த ஆள மாட்டிக்க வச்சே அவன் தோல் நிறத்துக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறது, நிக்கிறதுக்கு மூக்குக்கண்ணாடி ஃபிரேம்ல மாட்டிவிடுறது. ஒரு முகமூடிக்கு ஒரு மாசம் ஆகும்.

அடிப்படையில நான் செய்யுறதும் இதேதான், நூறு வருஷத்துல பொருள்தான் மாறியிருக்கு, அதனால அந்த வேலையோட அருமையும் தெரியும் குறையும் தெரியும். நிறம் பிடிக்கிறதுதான் உயிர் போற வேலை. டியூப்லைட்ல சரியா இருக்கிற நிறம் வெயிலுக்குப் போனா பிணம் மாதிரி வெளுத்துத் தெரியும், அதனால பேஷன்ட்ட ஜன்னல் பக்கம் உக்காரவச்சு, காலையில ஒரு தடவ, நல்ல வெளிச்சத்துல ஒரு தடவ பார்த்து சிலிக்கான்ல கலர் கலக்குறோம், சின்னச் சின்ன ரத்தக்குழாய்க்கு சிவப்பு நூல் இழை கூட வைப்போம். ஓரம் தெரியாம இருக்க அத காகிதத்தவிட மெல்லிசா இழைச்சு, மேல தடிமனான ஃபிரேம் போட்ட கண்ணாடி குடுக்கிறோம், அதே பழைய தந்திரம்தான். இத்தனையும் பண்ணி அழகா மாட்டி அனுப்பினா சென்னை வெயில்ல வேர்வையில பசை விட்டுடுது, ரெண்டு வருஷத்துல நிறம் மங்கிடுது, பேஷன்ட் ஒரு கட்டத்துல வெள்ளைத் துணி கட்டிக்கிட்டே வந்து நிக்கிறார். "பத்திரமா பீரோல வச்சிருக்கேன் டாக்டர், விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்குவேன்"னு சொல்லுவாங்க.

அந்தத் தகட்டு முகமூடிங்க கதி இதவிட மோசம். முகம் அசையும் தகடு அசையாது, சிரிச்சா அழுதா ஒரே மாதிரி இருக்கும், வாயத் திறந்து மெல்ல முடியாது, எச்சில் ஒழுகினா தொடைக்க முடியாது, பெயின்ட் உரியும், முக்கியமா ஆளுக்கு வயசாகும் முகமூடிக்கு வயசாகாது. லாட் ஸ்டூடியோ செஞ்சது மொத்தமே இருநூறுக்கு உள்ளதான், ஃபிரான்ஸ்ல மட்டும் முகத்துல கடுமையா அடிபட்டவங்க பத்தாயிரத்துக்கு மேல. அதனால உங்க முதல் கேள்விக்கு நேர் பதில்: சில பேருக்கு வீட்டுக்குப் போற தைரியத்தக் குடுத்துச்சுங்கிறது நிஜம், அவங்க எழுதின நன்றிக் கடிதங்க இருக்கு. அத மாட்டிக்கிட்டே வருஷக்கணக்கா சகஜமா வாழ்ந்தாங்கங்கிறதுக்கு ஆதாரம் ரொம்பக் குறைவு. கேமராவுல பார்க்க அற்புதமா இருந்ததாலதான் நூறு வருஷம் கழிச்சும் நமக்கு அதுவே தெரியுது, மத்த வேலையெல்லாம் வீடியோவுக்கு ஆகாது.

மத்த வேலைன்னா முதல்ல ஆபரேஷன். நியூசிலாந்துல பிறந்து லண்டன்ல காது மூக்கு தொண்டை டாக்டரா இருந்த ஹெரால்ட் கில்லிஸ், முகக் காயத்துக்குன்னு தனி வார்டு வேணும்னு அடம்பிடிச்சு இங்கிலாந்துல ஆல்டர்ஷாட்ல 1916ல ஆரம்பிச்சார். எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுன்னு தெரியாம ராணுவம் பேஷன்ட்கள சிதறடிச்சிடும்னு, தன் கைக்காச போட்டு பத்து பவுண்டுக்கு லேபிள் அட்டை வாங்கி ஆஸ்பத்திரி விலாசம் எழுதி போர்முனைக்கே அனுப்பி வச்சார், அடிபட்டவன் சட்டையில கட்டி அனுப்புங்கன்னு. அந்த வருஷம் ஜூலையில ஃபிரான்ஸ்ல சோம் சண்டை ஆரம்பிச்சதும் இருநூறு பேர எதிர்பார்த்த இடத்துக்கு ரெண்டாயிரம் பேர் வந்து இறங்கினாங்க. அப்புறம் 1917ல லண்டன் பக்கத்துல சிட்கப்ல தனி ஆஸ்பத்திரியே கட்டிக் குடுத்தாங்க, 1925க்குள்ள அஞ்சாயிரம் பேருக்கு மேல, பதினொராயிரம் ஆபரேஷனுக்கு மேல. ஆளுக்கு சராசரியா ரெண்டுன்னு கணக்கு வரும், ஆனா கடுமையான கேஸுங்களுக்கு வருஷக்கணக்குல பத்து இருபதுன்னு போயிருக்கு.

அவர் செஞ்சதுல ஒண்ண மட்டும் கிட்டத்துல காட்டுறேன். முகத்துல தோல் வேணும்னா நெஞ்சுலேர்ந்தோ நெத்தியிலேர்ந்தோ ஒரு பட்டை தோல உரிச்சு, ஒரு பக்கத்த வெட்டாம விட்டு மறுபக்கத்த மட்டும் முகத்துல கொண்டுபோய் தைக்கணும், அந்த வெட்டாத பக்கம் வழியாத்தான் ரத்தம் வரும். பிரச்சினை என்னன்னா நடுவுல தொங்குற பட்டையோட அடிப்பக்கம் பச்சைப் புண்ணு, ஆன்டிபயாடிக் இல்லாத காலம், சீழ் வச்சுடும். 1917 அக்டோபர்ல விகாரேஜ்ங்கிற கப்பல் சிப்பாய்க்கு, ஜட்லண்ட் கடற்போர்ல முகம் வெந்தவர், ஆபரேஷன் பண்ணும்போது தூக்கின தோலோட ரெண்டு ஓரமும் தானா உள்பக்கம் சுருண்டுக்கிறதப் பார்த்திருக்கார் கில்லிஸ். அப்படியே சேர்த்துத் தைச்சா ட்யூப் ஆயிடுது, பச்சைப் புண்ணு உள்ள போயிடுது, சீழ் பிடிக்கிறதும் குறைஞ்சு ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. இதே யோசனை அதே சமயத்துல ஒடெசாவுல ஃபிலாடோவ்ங்கிற டாக்டருக்கும் பெர்லின்ல ஒருத்தருக்கும் தனித்தனியா வந்திருக்கு, அதனால யாரு முதல்லங்கிற சண்டைக்குள்ள நான் போகல. பேஷன்ட் பாடுதான் பாடு, நெஞ்சுலேர்ந்து கன்னத்துக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ட்யூப் தொங்க வாரக்கணக்குல இருக்கணும், அது ஒட்டின பிறகு மறுமுனைய வெட்டி விரிச்சு அடுத்த ஆபரேஷன்.

ஒரு சின்ன விலகல், ஏன்னா இது அடிக்கடி ஷேர் ஆகுது. கில்லிஸ் ஆபரேஷன் பண்ணின வால்டர் யோங்கிற மாலுமியோட ரெண்டு போட்டோவ போட்டு "உலகத்தோட முதல் பிளாஸ்டிக் சர்ஜரி"ன்னு சுத்தவிடுறாங்க, அது தப்பு. மைசூர்ப் போர்ல வெள்ளைக்காரங்க பக்கம் மாட்டு வண்டி ஓட்டின கவாஸ்ஜிங்கிறவர 1792ல திப்பு படை பிடிச்சு மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்புது, புனே பக்கத்துல பரம்பரையா இந்தத் தொழில் தெரிஞ்ச ஒரு மராத்தியர் நெத்தித் தோல இறக்கி மூக்கு வச்சு விடுறார், ரெண்டு ஆங்கிலேய டாக்டர்கள் பக்கத்துல நின்னு பார்த்திருக்காங்க, 1794ல லண்டன் பத்திரிகையில படத்தோட வருது. அதப் படிச்சுட்டு ஜோசப் கார்ப்யூங்கிற சர்ஜன் பிணத்துல பழகி 1814ல லண்டன்ல அதே மாதிரி செஞ்சார். சுஸ்ருதர் நூல்ல மூக்கு வைக்கிற முறை அதுக்கெல்லாம் ரொம்ப முந்தியே இருக்கு. நம்ம பக்கத்துல திருமலை நாயக்கர் காலத்து மூக்கறுப்புப் போர் எல்லாருக்கும் தெரியும், மைசூர்காரங்க மதுரைச் சீமையில மூக்கும் மேலுதடும் அறுத்தது, பதிலுக்கு மதுரை, சேதுபதி படைங்க சேர்ந்து விரட்டிப்போய் அறுத்தது. யாரு ஜெயிச்சாங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கோம், அறுபட்டவங்க அதுக்கப்புறம் எப்படி வாழ்ந்தாங்கன்னு யாரும் ரெண்டு வரி எழுதல. முதல் உலகப்போர்ல புதுசா நடந்தது அந்தக் கேள்விய அரசாங்கமும் ஊரும் எதிர்கொள்ள வேண்டி வந்ததுதான்.

எதிர்கொண்ட விதம் இடத்துக்கு இடம் வேற. சிட்கப்ல வார்டுல முகம் பார்க்கிற கண்ணாடி வைக்க விடல. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊருக்குப் போற ரோட்டுல சில பெஞ்சுக்கு நீலப் பெயின்ட் அடிச்சு வச்சாங்க, அதுல உக்காந்திருக்கிறது முகம் சிதைஞ்சவங்கன்னு ஊர்க்காரங்க முன்னாடியே தெரிஞ்சு தயாராகிக்கலாம்னு. நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, பார்க்கிறவனுக்கு அதிர்ச்சி வராம இருக்க செஞ்ச ஏற்பாடு அது, உக்காந்திருக்கிறவனுக்காக செஞ்சது இல்ல. பொம்மை செய்யுறது, கோழி வளர்க்கிறது மாதிரி கைத்தொழில் கத்துக்குடுத்தாங்க. பென்ஷன் விஷயத்துல பிரிட்டன் ஒரு நல்லது பண்ணுச்சு, மிகக் கடுமையான முகச் சிதைவ ரெண்டு கை காலு போனதுக்குச் சமமா முழு பென்ஷன் வகையில வச்சாங்க. ஆனா காசு வந்தாலும் வீட்டுக்குள்ளயே இருந்தவங்க, தியேட்டர்ல படம் ஓட்டுற ரூம் மாதிரி இருட்டு வேலையாப் பார்த்துத் தேடிக்கிட்டவங்க கதை நிறைய இருக்கு. நிறைய பேரு தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு இன்டர்நெட்டுல அடிச்சு விடுவாங்க, அத அப்படியே நம்பாதீங்க. தனித்தனி சம்பவங்க உண்டு, ஆனா எண்ணிக்கையா நம்பற மாதிரி கணக்கு கிடையாது. கல்யாணம் பண்ணி குழந்தை குட்டியோட கடைசிவரைக்கும் வேலை பார்த்தவங்களும் கணிசமா இருந்தாங்கன்னு குடும்பங்க சொல்லியிருக்கு.

ஃபிரான்ஸ் கதைதான் எனக்குப் பிடிச்சது. 1919 ஜூன் 28, வெர்சாய்ல ஜெர்மனி சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுற மண்டபத்துல முகம் சிதைஞ்ச அஞ்சு சிப்பாய்கள பிரதமர் கிளெமென்சோ கூப்பிட்டு நிக்க வச்சார், கையெழுத்துப் போட வர்றவங்க இவங்களப் பார்த்துட்டுத்தான் போகணும். அந்த அஞ்சு பேரும் ஒரு நாளைக்கு சாட்சியா ஆனாங்க, மறுநாள் வாழ்க்கைக்கு அது உதவல. பென்ஷன் கணக்கு வேலை செய்யுற திறன வச்சுத்தான், கையும் காலும் நல்லா இருக்குல்ல அப்புறம் என்னன்னு விட்டுட்டாங்க, முகத்துக்குன்னு தனி உதவித்தொகை வாங்க வருஷக்கணக்கா போராட வேண்டியிருந்துச்சு. 1921ல கர்னல் ஈவ் பிகோ, அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரான ஆல்பர்ட் ஜூகோன் இவங்கெல்லாம் சேர்ந்து தங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சாங்க, "உடைஞ்ச மூஞ்சிங்க"ன்னு தங்களுக்குத் தாங்களே பேரு வச்சுக்கிட்டு, "ஆனாலும் சிரிப்போம்"ங்கிறத கோஷமா வச்சுக்கிட்டு. 1927ல பாரிஸ் பக்கத்துல மூசி-லெ-வியூல ஒரு மாளிகையே வாங்கினாங்க, குடும்பம் ஏத்துக்காதவங்க தங்க, ஆபரேஷனுக்கு நடுவுல ஓய்வெடுக்க, தோட்ட வேலை பார்க்க. காசு எங்கேர்ந்துன்னா லாட்டரி. 1930களோட ஆரம்பத்துல அவங்க நடத்தின பரிசுச் சீட்டு நல்லா ஓடினதப் பார்த்து அரசாங்கமே 1933ல தேசிய லாட்டரி தொடங்குச்சு, இன்னைக்கும் ஃபிரெஞ்சு லாட்டரி கம்பெனியில அந்தச் சங்கம் பெரிய பங்குதாரர். தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய ஒழிச்சதுல எனக்கு சந்தோஷம்தான், ஆனா இந்த ஒரு சீட்ட மட்டும் குறை சொல்ல மனசு வரல. அடிபட்டவங்களே நிர்வாகம், அடிபட்டவங்களே கணக்குப்பிள்ளை, யாரு கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல.

ரெண்டாம் உலகப்போர்ல இதே பாடத்த ஒரு டாக்டர் வார்டுக்குள்ளயே கொண்டு வந்தார். ஆர்ச்சிபால்ட் மெக்இண்டோ, கில்லிஸோட சொந்தக்காரர், அவரும் அவர மாதிரியே நியூசிலாந்துல டனிடின் ஊர்க்காரர். லண்டனுக்குத் தெற்க ஈஸ்ட் கிரின்ஸ்டெட்ல 1940லேர்ந்து தீக்காயப்பட்ட விமானிகள் வந்து குவியுறாங்க, ஹரிக்கேன் விமானத்துல பெட்ரோல் டேங்க் விமானி முன்னாடியே இருக்கும், குண்டு பட்டா தீ நேரா மூஞ்சிக்கும் கைக்கும் வரும், இமை போயிடும் விரல் சுருண்டுடும். அப்ப தீக்காயத்துக்கு டானிக் ஆசிட் பூசுறதுதான் வழக்கம், அது காய்ஞ்சு மரப்பட்டை மாதிரி இறுகி இமையையும் விரலையும் இன்னும் இழுத்துவிடும். கடல்ல குதிச்ச விமானிகளுக்குப் புண்ணு நல்லா ஆறுறதக் கவனிச்சு, டானிக் ஆசிட்ட நிறுத்தி உப்புத்தண்ணி தொட்டியில படுக்கவைக்கிறத கொண்டு வந்தார். இது வைத்தியம். அதுக்கு மேல செஞ்சதுதான் பேசப்படுறது. ஆஸ்பத்திரி நீல உடுப்பு வேண்டாம், அவனவன் யூனிஃபார்மையே போட்டுக்கட்டும்னார், வார்டுல பீர் பீப்பாய் வச்சார், மேலதிகாரி கீழ் சிப்பாய்னு படுக்கை பிரிக்கல. தொண்ணூறு நாளுக்குள்ள குணமாகலன்னா விமானப்படையிலேர்ந்து கழட்டிவிடுற விதிய எதிர்த்து மல்லுக்கட்டி, வைத்தியம் முடியுற வரைக்கும் முழுச் சம்பளம் வாங்கிக் குடுத்தார். ஊர்க்காரங்ககிட்ட போய், இவங்கள வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க, கடைத்தெருவுல பார்த்தா உத்துப் பார்க்காதீங்கன்னு கேட்டார், ஊரும் கேட்டுச்சு.

1941ல பேஷன்ட்களே "கினி பிக் கிளப்"னு, அதாவது சோதனைப் பிராணிங்க சங்கம்னு வச்சாங்க, எங்கள வச்சுத்தானே சோதனை பண்றீங்கன்னு அவங்களே அடிச்ச நக்கல். கால் வெந்தவர பொருளாளரா போட்டாங்களாம், பணத்த எடுத்துக்கிட்டு ஓட முடியாதுல்ல, விரல் வெந்தவர செயலாளரா போட்டாங்களாம், மினிட்ஸ் நீளமா எழுத முடியாதுல்ல. போர் முடியும்போது 649 பேர். எத்தனை பேரு திரும்ப வேலைக்குப் போனாங்கன்னு நான் சதவீதம் சொல்லப் போறதில்ல, ஆனா அறுபது வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் கூடிக்கிட்டிருந்தாங்க, கடைசிக் கூட்டம் 2007ல.

இங்கதான் எது உறுதி எது சந்தேகம்னு பிரிக்கணும். டானிக் ஆசிட் நிறுத்தினது சரிங்கிறது உறுதி, சம்பளமும் வேலையும் கூட்டாளிங்களும் இருந்தது உதவுச்சுங்கிறதும் உறுதி. ஆனா இது மெக்இண்டோ முறையோட வெற்றியா, இல்ல அவங்க ஊரே கொண்டாடின விமானிங்கங்கிறதாலயாங்கிறத யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. சிட்கப் ஆளுங்க பெரும்பாலும் சாதாரண காலாட்படைக்காரங்க, போர் முடிஞ்சதும் எல்லாரும் மறக்க நினைச்ச போர் அது. அதே வார்ட சிட்கப்ல வச்சிருந்தா அதே பலன் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். இன்னொண்ணும் சொல்லணும், பையன்களுக்கு தன்னம்பிக்கை வரணும்னு பார்க்க லட்சணமா இருக்கிற நர்சுங்கள வார்டுல போட்டு, சீண்டல் பேச்ச கண்டுக்காதீங்கன்னு விட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுங்க எவ்வளவு பொறுத்துக்கிட்டாங்கன்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க எழுதுறாங்க. புகழ்ந்து பேசுறவங்க இத விட்டுடுறாங்க, அது சரியில்ல.

அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு விஷயம், என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகுது: சிதைவு எவ்வளவு பெருசுங்கிறத வச்சு மனக்கஷ்டம் எவ்வளவுன்னு சொல்ல முடியாது. உதட்டுல ஒரு தழும்புக்காக வெளிய வராம இருக்கிறவங்களும் உண்டு, அரை முகம் போயும் மளிகைக் கடையில கல்லாவுல உக்காந்திருக்கிறவரும் உண்டு. மேல்தாடை எடுத்த பேஷன்ட்ட எடுத்துக்கோங்க. வாயில ஊத்துற தண்ணி மூக்கு வழியா வரும், பேசினா வீட்டுல இருக்கிறவங்களுக்கே புரியாது. பிளேட்ட மாட்டிவிட்டதும் நான் கண்ணாடிய நீட்டுறதில்ல, ஒரு டம்ளர் தண்ணி குடுக்கிறேன். மூக்குல வராம முழுங்கினதும் அடுத்து போன எடுத்து வீட்டுக்குப் பேசுறாங்க. கன்னம் குழிஞ்சிருக்கிறது அப்புறமா ஞாபகம் வரும், பல பேருக்கு பல மாசம் கழிச்சு. சாப்பாடும் பேச்சும் சரியாகாம வெளித்தோற்றத்த மட்டும் சரி பண்ணினா அது பீரோவுக்குத்தான் போகும்.

இதோட நேர் தொடர்பு நம்ம வேலூர்ல இருக்கு. கொல்லிமலையில பிறந்த பால் பிராண்ட் 1940களோட கடைசியில சி.எம்.சி. ஆஸ்பத்திரியில தொழுநோயாளிகளோட மடங்கின விரல ஆபரேஷன் பண்ணி நிமித்தினார். நிமிந்த கையோட போனவங்க திரும்பி வந்து, இந்தக் கையக் காட்டினா பிச்சையும் விழல, மூஞ்சியப் பார்த்துட்டு வேலையும் தரமாட்டேங்கிறாங்கன்னு சொன்னாங்களாம். மூக்குப்பாலம் அமுங்கி புருவம் உதிர்ந்த முகம் ஊருக்கே காட்டிக்குடுத்துடும். அதனால மூக்குக்கும் புருவத்துக்கும் போனாங்க. மூக்குக்கு எடுத்துக்கிட்டது கில்லிஸ் வழி, வெளித்தோல் நல்லா இருக்கு உள்தோல்தான் சுருங்கிப்போச்சு, அதனால மேலுதட்டுக்கு உள்பக்கமா வெட்டித் திறந்து ஒரு அச்சு மேல தோல் சுத்தி உள்ள வச்சு மூக்க தூக்கி நிறுத்துறது, அந்த அச்சு செய்யுறது எங்க ஆளுங்க வேலை. கில்லிஸ்கிட்டயே பயிற்சி எடுத்த நோஷிர் அந்தியா மும்பை, புனே பக்கம் இதையே செஞ்சார். புருவத்துக்கு தலைமுடி இருக்கிற தோல் துண்டையே இறக்கி வைப்பாங்க, தலைமுடிங்கிறதால வளந்துக்கிட்டே இருக்கும், அப்பப்ப கத்தரிக்கோல் போடணும். கூடவே தச்சு வேலை மாதிரி தொழில் கத்துக்குடுக்க ஒரு குடியிருப்பும் நடத்தினாங்க.

உங்க கடைசிக் கேள்வி, முகத்தையே மாத்திடலாமா. 2005ல ஃபிரான்ஸ்ல அமியான் நகரத்துல முதல் தடவ பாதி முகம் மாத்தி வச்சாங்க, இதுவரைக்கும் உலகம் முழுக்க ஐம்பத ஒட்டித்தான் நடந்திருக்கு. காரணம் பயமில்ல, கணக்கு. கிட்னி மாதிரிதான் இதுவும், ஆயுசு முழுக்க எதிர்ப்புச் சக்திய அடக்குற மாத்திரை, அதனால தொற்று, புற்றுநோய் அபாயம், உடம்பு எப்ப வேணா நிராகரிக்கலாம். முதல் பேஷன்ட் 2016ல இறந்துட்டாங்க. கிட்னி இல்லன்னா செத்துடுவான், முகம் இல்லன்னா சாகமாட்டான், அப்ப இவ்வளவு ஆபத்த ஏத்துக்கலாமாங்கிறதுல டாக்டர்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்ல. இமையும் உதடும் ரெண்டுமே போனவங்களுக்கு வேற வழியில நல்லா செய்யவே முடியாதுங்கிறதும் உண்மை, அந்தச் சில பேருக்கு நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன். போர்ல நாடே இடிஞ்சு கிடக்கிற ஒருத்தருக்கு மாசாமாசம் மாத்திரையும் ரத்த டெஸ்ட்டும் யாரு குடுக்கிறதுன்னு யோசிங்க.

நடைமுறையில இப்ப செய்யுறது, கால்ல இருக்கிற ஃபிபுலா எலும்ப ரத்தக்குழாயோட எடுத்து தாடையா வளைச்சு வச்சு மைக்ரோஸ்கோப்புல குழாய்கள இணைக்கிறது, ஆறினதும் டைட்டேனியம் இம்ப்ளான்ட் போட்டு பல்லோ சிலிக்கான் கண்ணோ மூக்கோ மாட்டுறது, பசை வேண்டாம், வேர்வைக்கு விழாது, செலவுதான் ஜாஸ்தி. ஜோர்டான்ல அம்மான் நகரத்துல எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்பு 2006லேர்ந்து இதுக்குன்னே ஆஸ்பத்திரி நடத்துறாங்க, ஈராக், சிரியா, ஏமன், காசா ஆளுங்க வந்து மாசக்கணக்கா தங்குறாங்க, ஆபரேஷன், பிசியோ, மனநல ஆலோசனை, குழந்தைகளுக்குப் பாடம் எல்லாம் ஒரே கூரையில. தீக்காயத் தழும்ப அமுக்கிவைக்க முகத்த ஸ்கேன் பண்ணி 3டி பிரின்டர்ல ஒளி ஊடுருவுற மாஸ்க் செய்யுறாங்க. சட்டம்னு பார்த்தா பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் கடுமையான முகச் சிதைவையே ஊனமா எடுத்துக்குது, நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் தொழுநோய் குணமானவங்களும் இருக்காங்க, முகம் சிதைஞ்சதுங்கிறதுக்கு மட்டும்னு தனி வகை கிடையாது, அதனால புற்றுநோயில மூக்கு போனவருக்கு சர்டிஃபிகேட் வாங்குறது பெரிய அலைச்சல்.

போர் இல்லாமலே இந்த நிலைமை உங்க வீட்டுப் பக்கத்துல யாருக்காவது வந்தா ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. சிலிக்கான் மூக்கு, கண், தாடை பிளேட் எல்லாம் பல் மருத்துவக் கல்லூரிகள்ல ப்ராஸ்தோடான்டிக்ஸ் துறையில செய்யுறாங்க, பெரிய ஆஸ்பத்திரியில வைத்தியம் முடிச்ச பல பேருக்கு இது தெரியாமலே துணி கட்டிக்கிட்டு வருஷக்கணக்கா இருக்காங்க. மேல்தாடை எடுக்கப் போறாங்கன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே அங்க போய் அளவு குடுத்துடணும், அப்பதான் ஆபரேஷன் டேபிள்லயே தற்காலிக பிளேட் மாட்டி அனுப்ப முடியும். ஆபரேஷன் ஆன பிறகு வந்தா வாய் இறுகி விரலே நுழையாது, அதுக்கப்புறம் அளவெடுக்கிறது எங்களுக்கும் கஷ்டம், அவங்களுக்கு ரொம்பவே கஷ்டம்.